புத்தகக் காதலைக் கொண்டாடும் கற்பனை மங்கா ஏதாவது பரிந்துரைக்க முடியுமா?

‘அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வார்ம்’. யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். மியா கசுகி 2013 முதல் 2017 வரை இணையத்தில் தொடராக எழுதிய நாவல் இது. சுசுகா வரைந்த மங்கா வடிவம், அதாவது ஜப்பானியப் படக்கதை வடிவம், 2015-இல் தொடங்கியது.

உரானோ ஜப்பானியக் கல்லூரி மாணவி. நூலகர் ஆகவிருந்த நேரத்தில் நிலநடுக்கம் வந்து, சரிந்து விழுந்த புத்தகங்களுக்கு அடியில் சிக்கி இறந்துபோகிறாள். கண் விழிக்கும்போது வேறோர் உலகத்தில், மைன் என்ற ஐந்து வயதுக் குழந்தையின் உடலில் இருக்கிறாள். அப்பா நகர வாயிலில் காவல் வீரர். ஏழைக் குடும்பம், அடிக்கடி காய்ச்சலில் விழும் உடம்பு. அவளுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் புத்தகமே இல்லை என்பதுதான் அவளைக் கொல்கிறது. தெருவில் ஒரு பெயர்ப்பலகையில்கூட எழுத்து இல்லை. சந்தைக் கடை ஒன்றில் தோலட்டை போட்ட ஒரு புத்தகம் கண்ணில் படுகிறது. தொட்டாவது பார்க்கிறேன், மை வாசனையையாவது முகர்கிறேன் என்று கெஞ்சுகிறாள். கடைக்காரர் மசியவில்லை. ஆட்டுத்தோலைப் பதப்படுத்திக் கையால் எழுதப்படும் புத்தகம், பிரபுக்களின் சொத்து. ஒரு காவல் வீரரின் மகள் அதன் பக்கத்தில் போக முடியாது.

இல்லையென்றால் நானே செய்துகொள்கிறேன் என்று அவள் கிளம்பும் இடத்தில்தான் இந்த மங்கா எனக்கு நெருக்கமானது. புத்தகக் காதலைச் சொல்லும் பெரும்பாலான கதைகள் வாசிப்பதோடு நின்றுவிடுகின்றன. இது தாள் எங்கிருந்து வருகிறது, மை எங்கிருந்து வருகிறது, அதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது என்று கேட்கிறது. பைண்டிங் தொழில் செய்த வீட்டில் வளர்ந்தவள் நான். ஃபாரம் எனப்படும் மடித்த அச்சுத்தாள்களை அடுக்கித் தைத்து, பசை காயும்வரை பாரம் ஏற்றி வைப்பதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு, இந்தக் கேள்விகளை ஒரு கதை இவ்வளவு மரியாதையோடு கேட்பதைப் பார்க்கச் சிலிர்த்தது.

முதலில் புல் நாரைப் பின்னித் தாள் செய்யப் பார்க்கிறாள். சின்னத் துண்டு பின்னுவதற்குள்ளேயே கையும் உடம்பும் ஓய்ந்துவிடுகின்றன. பிறகு களிமண் பலகை. அடுப்பில் சுடும்போது வெடித்துச் சிதறுகிறது. மரச் சில்லுகளில் எழுதி வைக்கிறாள். அம்மா அதை விறகு என்று நினைத்து அடுப்பில் போட்டுவிடுகிறாள். அந்த இடத்தில் அம்மா மீது நமக்குக் கோபமே வருவதில்லை. எழுத்தைப் பார்த்தே பழகாத வீட்டில் கறுப்புக் கீறல் விழுந்த மரத்துண்டு வேறு என்னவாகத் தெரியும்?

பக்கத்து வீட்டுச் சிறுவன் லுட்ஸ் கூட்டுச் சேர்ந்த பிறகு கதை சூடு பிடிக்கிறது. ஜப்பானியக் கைத்தாள் முறை படிப்படியாக வருகிறது: கிளைகளை ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரிப்பது, சாம்பல் நீரில் கொதிக்கவைப்பது, நாரை அடித்துக் கூழாக்குவது, வழவழப்பான பசைநீர் கலந்து சல்லடைச் சட்டத்தால் அள்ளுவது, அழுத்திப் பலகையில் ஒட்டிக் காயவைப்பது. பாத்திரம், சாம்பல், சட்டம் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. வியாபாரி பென்னோவிடம் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். தாள் செய்து முடித்ததும் தோல்தாள் செய்பவர்களின் சங்கம் சண்டைக்கு வருகிறது. ஒப்பந்தப் பத்திரங்களுக்குத் தோல்தாளே தொடரும், மற்றவற்றுக்குப் புதிய தாள் என்று சமரசம் ஆகிறது. ஒரு புதிய பொருள் சந்தைக்கு வந்தால் யாருடைய பிழைப்பு ஆட்டம் காணும் என்பதை எழுத்தாளர் மறக்கவே இல்லை. இதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மாயசக்தி, பிரபுக்கள், கோயில் அரசியல் எல்லாம் உண்டு. கோயிலின் புத்தக அறையைக் கண்டுபிடித்து ஓடுபவளைக் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு ஒன்று தள்ளிவிடும் கட்டத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஆரம்பத்தில் மைன் சுயநலக்காரிதான். அழுக்கு, நாற்றம் என்று முகம் சுளிப்பாள். புதிய குடும்பத்தின் அன்பை வெகுநாள் கண்டுகொள்ள மாட்டாள். சிலர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். அவள் மெல்ல அந்த வீட்டின் பிள்ளையாக மாறுவதை நம்ப முடிவதே அந்தத் தொடக்கத்தால்தான் என்பது என் எண்ணம்.

ஓவியத்துக்காகவே படிப்பவர் என்றால் மிட்சு இசுமியின் ‘மேகஸ் ஆஃப் தி லைப்ரரி’யையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழை என்பதால் ஊர் நூலகத்தில் விரட்டப்படும் நீண்ட காதுகள் கொண்ட சிறுவன் தியோ, மாபெரும் மைய நூலகம் இருக்கும் ஆஃப்ட்ஸாக் நகரத்துக்குப் போக ஏங்குகிறான். அந்த நூலகத்திலிருந்து வரும் ‘கஃப்னா’ என்ற பெண் நூலகர்கள் அவன் வாழ்க்கையைத் திருப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் துணி மடிப்பு, கட்டடம், அலமாரி என்று கண் நின்றுவிடும்.

இரண்டில் ஒன்று என்றால் மைனின் கதையையே எடுங்கள். முதல் பாகம் 7 தொகுதிகள். முதல் தொகுதி மெதுவாகத்தான் நகரும். அதை வைத்து முடிவு கட்டாமல், பென்னோ கதைக்குள் வந்து அந்தச் சிறுமியை எடைபோடும் இடம் வரைக்குமாவது படியுங்கள்.