விசாரிக்காமலே இறைச்சியை அழிக்கலாமா?

கேள்வி: சேலத்தில் கோழி இறைச்சி மொத்த வியாபாரம் செய்கிறேன். சோதனைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர், இறைச்சி கெட்டுவிட்டது என்று சொல்லி அத்தனையையும் அள்ளிப்போய் பினாயில் ஊற்றிப் புதைத்துவிட்டார். ஃப்ரீசர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்னை விசாரிக்கவும் இல்லை, ஒரு தாள்கூடத் தரவில்லை. நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: "முதலில் என்னை விசாரித்திருக்க வேண்டும்" என்ற வாதத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாதீர்கள். அது நூறாண்டுக்கு முன்பே தோற்ற வாதம். 1906 அக்டோபரில் சிகாகோ சுகாதார அதிகாரிகள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 47 பீப்பாய் கோழி இறைச்சி அழுகிவிட்டது, ஒப்படையுங்கள் என்றார்கள். நிறுவனம் மறுத்தது, கிடங்குக்குச் சரக்கு வருவதையே நகராட்சி தடுத்தது. உறைந்த சரக்கை மூன்று மாதம் வைத்திருக்கலாம், விசாரித்துவிட்டு அழியுங்கள் என்று நிறுவனம் வழக்காடியது. 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மக்கள் உயிருக்கு ஆபத்தென்றால் முன்விசாரணை தேவையில்லை என்றது. ஆனால் உங்களுக்கு வேண்டியது அதே தீர்ப்பின் மறுபாதி: அதிகாரி சொன்னதே முடிவல்ல, உரிமையாளர் பிறகு வழக்குப் போடலாம், உணவு நிஜமாகவே கெட்டிருந்தது என்று தீர்ந்தால்தான் அழித்தவர் தப்ப முடியும்.

அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. நம் சட்டமோ இந்த விஷயத்தில் இன்னும் கறாரானது. 1954-ம் ஆண்டு கலப்படத் தடைச் சட்டத்தில் பின்னால் சேர்த்த பாதுகாப்பு, 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவிலும் உண்டு. கெட்ட பொருளை அழிக்கலாம். எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான். நடவடிக்கையின்போது சாட்சி வைத்துக் கையெழுத்தும் வாங்க வேண்டும். உங்கள் பலம் இங்கேதான் இருக்கிறது.

நோட்டீஸ், மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதிய பதிவு), மாதிரி எடுத்திருந்தால் ஆய்வறிக்கை, எல்லாவற்றின் நகலையும் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளரான நியமன அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். ஃப்ரீசர் வெப்பநிலைப் பதிவு, கொள்முதல் பில், கேமராப் பதிவு எதையும் அழியவிடாதீர்கள். காரணமில்லாமல் தொல்லை தரப் பறிமுதல் செய்த அலுவலருக்கு 39-வது பிரிவில் ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. புகார் பொய்யானால் உங்களுக்கும் குறைந்தது 50,000 ரூபாய். ஆகவே இறைச்சியில் உண்மையிலேயே வாடை அடித்திருந்தால் வழக்கை விட்டுவிடுங்கள். அதைச் சாப்பிட இருந்தவர்கள் குழந்தைகளாகவும் இருக்கலாம். கெடவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், ஆவணங்களோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அதிகாரியின் நடவடிக்கையை எதிர்த்துப் போடும் மனு) போடத் தாமதிக்காதீர்கள்.