குமிழி எங்கே?

வணக்கம் சார்,

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 24. போட்டோகிராபி, வீடியோ எடிட்டிங், குறும்படம் எடுப்பது என்று ஆறு மாதமாகக் கண்ணில் பட்ட பாடங்களையெல்லாம் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. மூன்றில் எதை முதலில் கற்றுக்கொள்வது? 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கேமரா வாங்கலாமா, ஆன்லைன் கோர்ஸில் சேரலாமா? எடிட் செய்ய உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் திணறுகிறது. ஆலை ஆபீஸில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. போன் கோளாறா? ஹரித்ரா நதியில் காலை நேரத்தில் எடுத்த நாலு நிமிட வீடியோவை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கா.

அன்புள்ள கா.,

வீடியோவை இரண்டு முறை பார்த்தேன், இரண்டாவது முறை சத்தத்தை அணைத்துவிட்டு. பெயரில்தான் நதி, கரையிலிருந்து கரை தெரிவதே பெரிய விஷயமாக விரிந்து கிடக்கும் தெப்பக்குளம். நாலு நிமிடத்தில் 41 ஷாட் எண்ணினேன். நடு மண்டபம், தண்ணீரில் வெயில், மறுபடி மண்டபம், மெதுவாகப் பறக்கும் புறா. எல்லாம் அழகு. எல்லாம் தூரத்திலிருந்து, நின்ற உயரத்திலிருந்து எடுத்தவை.

இரண்டு நிமிடம் தாண்டியதும் ஒரு பெரியவர் படியில் இறங்குகிறார். வலது காலைத் தண்ணீரில் வைக்கிறார். சட்டென்று எடுத்துவிடுகிறார். குளிர்போல. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மறுபடி காலை நீட்டுகிறார். அதற்குள் நீங்கள் வெட்டிவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டீர்கள். அவர் இறங்கினாரா, வேண்டாமென்று திரும்பிவிட்டாரா? முந்தாநாள் பார்த்தது, இன்னும் எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

எதை முதலில் என்று கேட்டீர்கள். எடிட்டிங். கேமராவைப் பிடிக்கவே எடிட்டிங்தான் கற்றுக்கொடுக்கும் என்பது என் கட்சி. நான் அடி வாங்கித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இருபது வருடம் முன்பு இரவல் கேமரா ஒன்றை வாங்கி, எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதைப் படம் பிடித்தேன். ஒரு மணி நேரம் ஓடும் சின்ன வீடியோ டேப்பில் முக்கால்வாசி தீர்ந்தது. கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் ஒரு ஸ்டுடியோவில், ராத்திரி மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் உட்கார இடம் கொடுத்தார்கள். அங்கே மிக்ஸிங் பார்க்கிற அண்ணன் டேப்பை ஓட்டிக்கொண்டே வந்தார். கடைக்காரர் டயரை நெம்புகிறார், டியூபை உருவுகிறார், காற்றடித்துத் தண்ணீர்த் தட்டில் முக்கி மெல்ல நகர்த்துகிறார். அண்ணன் நிறுத்தினார். "குமிழி எங்கே தம்பி?" என்றார்.

குமிழி இல்லை. நான் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் தலையையும் தட்டின் விளிம்பையும் எடுத்திருந்தேன். ஓட்டை எங்கே என்று அவர் கண்டுபிடிக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் யாரும் அதைப் பார்ப்பார்கள். அந்த நொடி மட்டும் டேப்பில் இல்லை. உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவி ஊதுவது எல்லாமே ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில். ஒன்றோடு ஒன்றை ஒட்டினால் ஆள் துள்ளித் துள்ளிக் குதித்தார். மறுநாள் காலை கேமராவோடு போனவன் நேராகத் தட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். எந்தப் பாடமும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.

அதனால் இப்போது கேமரா வாங்காதீர்கள். பாலு மகேந்திரா தன் படங்கள் பலவற்றைத் தானே ஒளிப்பதிவு செய்து தானே தொகுத்தவர். அவர் அளவுக்கு நாம் வருவது இருக்கட்டும். எடுக்கிறவனும் வெட்டுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால், விட்டுப்போனதற்கு அடுத்தவரைத் திட்ட முடியாது. அதுவே பாதிப் பயிற்சி.

கோர்ஸ் பற்றி. 1950 வாக்கில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் கல்கத்தா பக்கம் 'தி ரிவர்' படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, சுப்ரதோ மித்ரா என்ற இளைஞர் வேடிக்கை பார்க்கப் போனார். விளக்கு எங்கே இருந்தது, நடிகர் எங்கே நின்றார், கேமரா எப்படி நகர்ந்தது என்று நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டார். பிறகு 'பதேர் பாஞ்சாலி'க்கு சத்யஜித் ராய் அவரை ஒளிப்பதிவாளர் ஆக்கியபோது, அதற்கு முன் அவர் மூவி கேமராவை இயக்கியதே கிடையாது. அடுத்து 1956இல் வந்த 'அபராஜிதோ'வுக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். முற்றத்துக்கு மேலே துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதன்மேல் அடித்து, அங்கிருந்து திரும்பி விழும் வெளிச்சத்தில் மித்ரா எடுத்தார். திறந்த வானத்திலிருந்து இறங்கும் அந்த நிழல் விழாத வெளிச்சம் செட்டுக்குள் வந்துவிட்டது. ஆறு மாதம் பார்த்ததில் எதையாவது நீங்கள் வரைந்து பார்த்தீர்களா? இந்த வாரம் ஜன்னல் பக்கத்தில் அம்மாவை உட்கார வையுங்கள். இருட்டான பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி ஒரு படம், வேட்டி இல்லாமல் ஒரு படம். இரண்டையும் வரைந்து வைத்துக்கொண்டு, அப்புறம் கோர்ஸ் வேண்டுமா என்று யோசியுங்கள்.

டியூப்லைட் கோடு போன் கோளாறு இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத்தான் தெரியாது. ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் கோடு ஓடும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். 1/100ம் சரி. ஆட்டோவில் விட்டால் போன் அதன் இஷ்டத்துக்குப் போகும். இதையெல்லாம் நாமே வைக்க விடும் ப்ரோ மோட் போனிலேயே இருந்தால் போதும்; இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி இருக்கிறது, எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது. சில மலிவான எல்இடி பல்புகள் இதற்கும் அடங்காது. அப்படியானால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

கம்ப்யூட்டர் திணறுவதற்குக் காரணம் 4கே என்கிற பெரிய அளவில் எடுப்பது. அதைவிடச் சின்ன அளவான 1080இல் எடுங்கள். ஏற்கெனவே எடுத்ததற்கு ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் ஒரு லேசான நகல், போட்டு வெட்டுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் அந்த வசதி உண்டு, அதுவும் கனமாக இருந்தால் கேடென்லைவ் என்கிற இலவச மென்பொருளிலும் உண்டு.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு முக்காலி, சட்டையில் குத்துகிற ஒயர் மைக், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். மிச்சப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும். மைக்கை முதலில் வாங்குங்கள். உங்கள் வீடியோ முழுக்க ஒரே பாட்டு. அந்தக் காலைநேரக் குளத்தின் சத்தத்தை அது மூடிவிட்டது. துணி துவைக்கும் சத்தம் கேட்டிருக்குமே? போகிற இடத்திலெல்லாம் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒட்டும்போது கை கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே படித்துறைக்குப் போங்கள். அந்தப் பெரியவர் தினமும் வருகிறவராகத்தான் இருப்பார். முதலில் அவரிடம் கேளுங்கள். குளிக்க வருகிற மனிதர், சொல்லாமல் எடுப்பது முறையில்லை. ஒப்புக்கொண்டால், அவர் கால் படும் படிக்கு இரண்டு படி கீழே, தண்ணீர் மட்டத்துக்கு உட்காருங்கள். காலை எடுங்கள், முகத்தை எடுங்கள், அவர் முழுகி எழும்வரை கேமராவை நிறுத்தாதீர்கள். மூன்று நிமிடத்துக்குள், மண்டபமும் பாட்டும் இல்லாமல் வெட்டி அனுப்புங்கள். வெட்டாத மூலத்தையும் சேர்த்து அனுப்பினால், எதை விட்டீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.