ஆயில் இல்லாத சில்லர் நெடுநாள் தாங்குமா?

கேள்வி: எங்கள் கட்டடத்துக்கு ஆயில் இல்லாத கம்ப்ரசர் வைத்த சில்லரை (ஏசிக்காகத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) சிபாரிசு செய்கிறார்கள். ஆயில் இல்லாவிட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடாதா?

பதில்: தேய அங்கே உரசலே இல்லைங்க. சுழலும் ஷாஃப்டைக் காந்த பேரிங் அந்தரத்தில் பிடித்திருக்கும், அது நூலிழை நகர்ந்தாலும் சென்சார் கண்டுபிடித்து உடனே சரிசெய்யும். சரி, ஓடும்போது கரண்ட் போனால்? மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஷாஃப்ட் வேகம் குறைந்து இறங்கும்வரை பேரிங்குக்கு மின்சாரம் கொடுக்கும். அதுவும் தவறினால் தாங்கிக்கொள்ளத் தனியாக பேக்கப் பேரிங் இருக்கிறது.

எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. சாதாரண சில்லரில் குளிரூட்டும் கேஸோடு சேர்ந்து போகும் ஆயில், தண்ணீரைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டர் குழாய்களில் படிந்து, வெப்பம் கடத்துவதைக் கெடுத்து, வருடம் போகப் போக கரண்ட் செலவை ஏற்றிவிடும். இதில் அந்தத் தொல்லை கிடையாது. (வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்சரில் தண்ணீர் ஓடினால் உப்புப் படிவது மட்டும் அப்படியேதான், அதைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும்.)

பலவீனம் எலெக்ட்ரானிக்ஸில்தான். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்களுக்கு ஆயுள் குறைவு, வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் சூடும் போர்டுகளைச் சாகடிக்கும். வாங்கும் முன்பே உதிரி போர்டு எத்தனை நாளில் கிடைக்கும், கெபாசிட்டரை எப்போது மாற்றவேண்டும், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.