சிறுநீரகப் புற்றுநோய் மருந்து: விலை குறையும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்புரோலிசுமாப் ஏற்ற வேண்டும், தினமும் இரண்டு வேளை ஆக்சிடினிப் மாத்திரை என்கிறார் மருத்துவர். இந்த மருந்துகளின் சந்தை வருடாவருடம் வளர்கிறது என்று படித்தேன். தேவை கூடினால் விலையும் ஏறிவிடுமா? மலிவு மருந்து வரும்வரை பொறுக்கலாமா? இந்தியாவிலிருந்து வரவழைக்கலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பொறுக்கவே கூடாது. நுரையீரலுக்குப் போன நோய் விலை இறங்கும்வரை நிற்காது.

சந்தை வளர்வது உண்மைதான். 2005 வரை இந்த நோய்க்கு எங்களிடம் இருந்தவை நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்லூக்கின், இன்டர்ஃபெரான் ஊசிகள்தான். பலன் சிலருக்கு, அவதி பலருக்கு. 2005 டிசம்பரில் சொராஃபெனிப், அடுத்த மாதமே சுனிடினிப் என்று புதிய வாய்வழி மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று உங்கள் அப்பாவுக்குச் சொன்னதுபோல் இரண்டு மருந்தைச் சேர்த்தே தொடங்குகிறோம். முன்பு சில மாதங்களே மருந்து எடுத்தார்கள், இப்போது வருடக்கணக்கில் எடுக்கிறார்கள். நோயாளிகள் எண்ணிக்கை கூடாவிட்டாலும் விற்பனை கூடத்தான் செய்யும். 

தேக்காச் சந்தையில் காய்கறி விலை ஏறுவதுபோல் இது ஏறாது. விலையைத் தீர்மானிப்பவை காப்புரிமையும் பேரமும். காப்புரிமை முடிந்த சுனிடினிப்புக்கும், அதே வகை மருந்தான பசோபனிப்புக்கும் மாற்று நிறுவனத் தயாரிப்புகள் வந்துவிட்டன. பெம்புரோலிசுமாப்பின் முக்கியக் காப்புரிமை அமெரிக்காவில் 2028-இல்தான் முடிகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியல். 2022 செப்டம்பர் முதல், அதில் உள்ள சிகிச்சைக்கே மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி பணம் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் மாத வரம்பு தனித்தனி. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து மருந்தைப் பொறுத்து மாதம் 600 அல்லது 1,200 வெள்ளி எடுக்கலாம். மருந்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் புற்றுநோய்க்கு, எந்தக் கட்டத்தில், எதனுடன் சேர்த்து என்பதும் பொருந்த வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். “இந்த இரண்டும் சேர்ந்து, சிறுநீரகப் புற்றுநோய்க்கு, முதல் சிகிச்சையாகப் பட்டியலில் உண்டா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். தனியார் காப்புறுதி இருந்தால் முகவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். அப்பா தனியார் மருத்துவமனையில் இருந்தால், பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் மானியப் பிரிவுக்கு மாறுவது பற்றி யோசிக்கலாம். பண உதவிக்கு வழி சொல்லும் மருத்துவ சமூக ஊழியரை அங்கே முதல் பில் வருவதற்கு முன்பே பாருங்கள். பில் கட்ட முடியாமல் போன பிறகு வருபவர்கள்தான் அதிகம்.

இந்தியாவிலிருந்து ஏற்றும் மருந்து வேண்டவே வேண்டாம். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது, பெட்டியில் துணியோடு வருவதல்ல. மாத்திரை என்றாலும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

ஆக்சிடினிப் ரத்த அழுத்தத்தை ஏற்றும். வீட்டில் ஒரு கருவி வாங்கி தினமும் எழுதி வையுங்கள். 150/100-ஐத் தாண்டினால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கிரேப்ஃப்ரூட் கூடாது, சீனப் புத்தாண்டுக்கு வரும் பொமலோவையும் தவிர்ப்பது நல்லது. வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். அது ஆக்சிடினிப்பாலும் வரலாம், ஏற்றும் மருந்து குடலைத் தாக்குவதாலும் வரலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அன்றே சொல்லிவிடுங்கள்.