கொக்கைத் தேடினால் கிடைக்கவில்லை: நிரல் கேள்வி பதில்

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. மொழியில் பிழையா?

பதில்: இல்லை. பைத்தானிலும் இதேதான் வரும். 0.1-ஐ இரும எண்ணாக எழுதினால் முடிவில்லாமல் நீளும், எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். பணத்தை ஃப்ளோட்டில், அதாவது புள்ளி வைத்த எண் வகையில், வைக்காதீர்கள். மிகச்சிறிய அலகுக்கு மாற்றி முழு எண்ணாக வையுங்கள்.

கேள்வி: போஸ்ட்மேனில் ஏபிஐ ஓடுகிறது, பிரவுசரில் கார்ஸ் பிழை வருகிறது.

பதில்: கார்ஸ் என்பது ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்திடம் தரவு கேட்பதற்கான விதி. தடுப்பது பிரவுசர். போஸ்ட்மேன் ஏபிஐயைச் சோதிக்கும் கருவி, அதற்கு அந்த விதி கிடையாது. எந்தத் தளத்துக்கு அனுமதி என்று சர்வர்தான் பதிலோடு அனுப்பும் ஹெடரில் சொல்லவேண்டும், ஃபிரன்ட்எண்டில் என்ன எழுதினாலும் தீராது. எந்த ஹெடர் இல்லை என்பது கன்சோலில் வரும் பிழைச் செய்தியிலேயே இருக்கும். முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸில் 'கொக்கு' இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். தேடினால் வருவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் ஃபால்ஸ் என்கிறது.

பதில்: அருமையான கேள்வி. யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி, மொத்தம் இரண்டு குறியீடுகள். அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு சரங்கள் (ஸ்ட்ரிங்). எந்த விதத்தில் விழும் என்பது கீபோர்டைப் பொறுத்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பு என்றால் சந்தேகமே வேண்டாம், இரண்டும் கலந்து கிடக்கும்.

உறுதிப்படுத்த, இரண்டு சொற்களின் நீளத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று 6, மற்றது 7 என்று வந்தால் இதுதான் சிக்கல். தீர்வு, என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு நார்மலைஸ் செய்வது, அதாவது இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்குவது. ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின்மேலேயே அந்த ஃபங்ஷன் உண்டு. பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூல், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 13ஆம் பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது. சேமிக்கும்போதும் செய்யுங்கள், தேடும் சொல்லுக்கும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய கதைதான். இருக்கும் தரவை ஒருமுறை மாற்றிவிடுங்கள், பேக்கப் எடுத்துவிட்டு.

ஒன்றை மட்டும் இது சரிசெய்யாது. 'கௌ' எழுத, கெ போட்டுப் பக்கத்தில் ளகரத்தை அடிப்பவர்கள் உண்டு. அது நிஜமான ளகரம், நார்மலைஸ் அதைத் தொடாது. அதற்குத் தனியாகத்தான் விதி எழுதவேண்டும்.

கேள்வி: கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஒரு சொல் விளையாட்டு செய்கிறேன். 'நிலா'வின் நீளம் 4 என்கிறது. இரண்டு எழுத்துதானே?

பதில்: குறிகளையும் சேர்த்து எண்ணுகிறது. சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் செக்மென்டர் பயன்படுத்துங்கள், 2 வரும்.

கேள்வி: அதே செக்மென்டர் 'க்ஷ'வை இரண்டு என்கிறதே, அது ஓர் எழுத்து அல்லவா?

பதில்: புள்ளிக்குப் பின் வெட்டுவதுதான் தமிழுக்கு அதன் விதி. 'க்க' இரண்டு என்றால் 'க்ஷ'வும் இரண்டு.

கேள்வி: எழுத்துருவில் அது ஒரே வடிவம். இரண்டு என்பது அபத்தம்.

பதில்: எழுத்துருவில் எப்படித் தெரிகிறது என்பது வேறு, சரத்தில் என்ன இருக்கிறது என்பது வேறு. உங்கள் விளையாட்டில் ஒரு கட்டத்துக்குள் 'க்ஷ' வரவேண்டுமா, நீங்களே ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஸ்ரீ'க்கும் அதே ஏற்பாடு.

கேள்வி: கிரந்தம் தமிழே இல்லை, அதை ஏன் எண்ணவேண்டும்?

பதில்: பயனர் அடித்தால் எண்ணித்தான் ஆகவேண்டும். கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை இலக்கணக்காரர்களிடம் போய்ப் போடுங்கள். அடுத்து.

கேள்வி: கார்ஸ் பிழை வருகிறது, என்ன செய்வது?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி மாதம் ஏன் 0?

பதில்: 1995இல் ஜாவாவின் டேட் வகுப்பைப் பார்த்து அப்படியே எடுத்ததன் மிச்சம். மாதத்துக்கு 1 கூட்டுங்கள், தேதிக்குக் கூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தால், டேட்டாபேஸில் சேர்க்கும் என் இன்செர்ட் கட்டளை உடைகிறது. ரிப்ளேஸ் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சரங்களை ஒட்டி எஸ்க்யூஎல் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இன்று மேற்கோள் உடைக்கிறது, நாளை யாராவது வேண்டுமென்றே டேபிளையே அழிப்பார்கள். பாராமீட்டர் வைத்த குவெரியாக, அதாவது கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்புவதாக, மாற்றுங்கள்.

கேள்வி: என் கோட் ஓடவில்லை, உதவுங்கள். அவசரம்.

பதில்: பிழைச் செய்தியை எழுத்தாக ஒட்டுங்கள், படமாக வேண்டாம். அப்புறம் பார்க்கிறேன். கார்ஸ் என்றால் ஒட்டவும் வேண்டாம்.