தீவுக் கொசுக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீவுகளில் கொசு பரப்பும் வைரஸ் நோய்கள் குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பூச்சியியல், பொது மருத்துவம் ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள் பதிலளிக்கிறார்கள்.

மகள் ரீயூனியன் தீவில் இருக்கிறாள். பிப்ரவரியில் பிரசவம். துணைக்கு ஜனவரியில் கிளம்புகிறேன். அங்கே சிக்குன்குனியா வந்துபோகும் என்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து உண்டா? இங்கிருந்து என்ன வாங்கிப் போகலாம்? தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?
— வாசகி, காரைக்கால்

கர்ப்பத்தின் நடுவில் தாய்க்குச் சிக்குன்குனியா வந்து தணிந்துவிட்டால் பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. பிரசவத்தை ஒட்டிய சில நாட்கள்தான் கவலைக்குரியவை. பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறக்குறைய இரண்டில் ஒரு குழந்தைக்குத் தொற்றுகிறது. 2005-06 கொள்ளைநோயின்போது, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் மருத்துவர்கள்தான் இதை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தார்கள். சிசேரியன் செய்தாலும் இது தடைபடவில்லை என்பதும் அங்கே தெரியவந்ததே. குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, தொட்டால் வீறிட்டு அழுவது, கை கால் வீக்கம், தோலில் தடிப்பு என்று தொடங்கும். சில குழந்தைகளுக்கு மூளையும் பாதிக்கப்படும். ஆகவே, பிரசவத்துக்கு முந்திய வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள். குழந்தையை முதல் வாரம் அங்கேயே வைத்துக் கண்காணிக்க வேண்டியிருக்கும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

ரீயூனியனில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும் சேர்ந்த காலம். நீங்கள் போவது அதன் நடுவில். அங்கே நோயைப் பரப்புவது ஆசியப் புலிக்கொசு. கருப்பு உடம்பு, வெள்ளைக் கோடுகள், முதுகில் நடுவே ஒற்றை வெள்ளை வரி. இது பகலில் கடிக்கும், முக்கியமாகக் காலையிலும் பொழுது சாயும் முன்னும். இரவு மட்டும் வலை கட்டிக்கொள்வது பயன் தராது. பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

கொசுவிரட்டி வாங்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். டீட் அல்லது பிக்காரிடின் 20 சதவீதம் இருந்தால் நல்லது. குறிப்பில் உள்ளபடி பூசினால் கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம். வெயில் களிம்பு பூசுவதாக இருந்தால் அதை முதலில் பூசி, அதன்மேல் கொசுவிரட்டி. துணியால் மூடிய இடத்தில் பூச வேண்டாம். கணுக்காலை விட்டுவிடாதீர்கள், இந்தக் கொசு அதிகம் கடிப்பது முழங்காலுக்குக் கீழேதான். வியர்த்தாலும் குளித்தாலும் மறுபடி பூச வேண்டும். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு எந்த விரட்டியும் கூடாது. தொட்டிலுக்கு முழு வலை போட்டு, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். வலை குழந்தையின் உடம்பில் படக்கூடாது. பட்டால் துளை வழியாகவே கொசு கடித்துவிடும்.

தடுப்பூசி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2025 ஏப்ரலில் ரீயூனியனில் 65 வயதைத் தாண்டிய, வேறு நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். கடுமையான பக்கவிளைவுகள் தெரிந்ததும் அந்த வயதினருக்கு அதே மாதம் நிறுத்தினார்கள். உங்கள் வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர்தான் இதில் முடிவு சொல்ல வேண்டும்.

சின்னத் தீவில் இருப்பதே கொஞ்சம் பேர். அங்கே நோய் ஏன் காட்டுத்தீயாகப் பரவுகிறது?
— வாசகர், புதுச்சேரி

கொஞ்சம் பேர் இருப்பதே ஒரு காரணம். சிறிய தீவில் வைரஸ் ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அது புதிதாக வந்திறங்கும் நாளில் ஊரில் யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இருக்காது. மைக்ரோனேசியாவின் யாப் தீவுகளில் 2007-இல் ஜிகா வந்தபோது, மூன்று வயதைத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குச் சில மாதங்களில் தொற்றிவிட்டது என்று இரத்தப் பரிசோதனை மதிப்பீடு காட்டியது.

ரீயூனியனில் நடந்தது அதைவிடப் பாடம் நிறைந்தது. 2005 மார்ச்சில் கொமொரோஸ் பக்கமிருந்து சிக்குன்குனியா வந்தது. அங்கே குளிர்காலமான ஆண்டின் நடுப்பகுதியில் அடங்கினாற்போல் இருந்தது, டிசம்பரில் வெடித்தது. 2006 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 40,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். முடிவில், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்த இடைக்காலத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில், 226-ஆவது இடத்தில் அலனைன் என்ற அமினோ அமிலம் போய் வாலைன் என்ற இன்னொன்று வந்திருந்தது. இந்த ஒரு மாற்றம் போதும், வைரஸ் புலிக்கொசுவின் உடலில் பலமடங்கு எளிதாக வளர்கிறது. சிக்குன்குனியாவைப் பரப்புவதில் அதுவரை முதலிடத்தில் இருந்தது ஏடிஸ் எஜிப்டி என்ற வேறொரு கொசு இனம். ரீயூனியனில் அது அரிது, புலிக்கொசுவோ தோட்டம் தோறும் உண்டு. 2007-இல் கேரளத்தின் ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி இதே கொசு பெருகியபோது, அதே மாற்றம் அங்கே தனியாகவே தோன்றியது.

ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி நெடுங்காலம் நிற்கும். அதனால்தான் ரீயூனியன் பல ஆண்டுகள் தப்பித்தது. இடையில் பிறந்த குழந்தைகளும் குடிவந்தவர்களும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு தலைமுறை மறுபடி உருவானதும், 2024 ஆகஸ்டில் உள்ளூரிலேயே தொற்றிய நோயாளி தென்பட்டார். 2025-இல் பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் 50,000-க்கும் மேல்.

கொசு இனமும் தீவுக்குத் தீவு மாறும். பிரெஞ்சு பொலினீசியாவில் எலி கடித்துத் துளைத்துக் கீழே விழுந்த தேங்காய்க்குள்ளும் நண்டு வளைக்குள்ளும் பெருகும் ஒரு தனி இனமே உண்டு. அங்கே வீட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைப்பதோடு வேலை முடியாது. தோப்பில் ஓட்டை விழுந்த காய்களைப் பொறுக்கி எரிக்க வேண்டும், எலியையும் ஒழிக்க வேண்டும்.

மழை நாளில் தொட்டியிலும் பழைய கிணற்றிலும் நுளம்பு பெருகுது. உப்புப் போட்டால் காணுமோ?
— வாசகர், வேலணை

காணாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கைவிட்ட கிணறுகள், கரையில் கிடக்கும் படகுகள், வீசி எறிந்த பிளாஸ்டிக் பாத்திரங்கள் ஆகியவற்றின் உவர் நீரில் ஏடிஸ் எஜிப்டி, புலிக்கொசு ஆகிய இரண்டு ஏடிஸ் இனங்களின் குடம்பிகளும் (நுளம்பாகுமுன் உள்ள புழுக்கள்) உயிரோடு இருந்தன. லிட்டருக்கு 15 கிராம் வரை உப்பு இருந்த நீரிலும் கண்டார்கள். கடல் நீரில் இருப்பது 35 கிராம். நீங்கள் கைப்பிடியாக அள்ளிப் போடும் உப்பு அதன் அருகில்கூட வராது.

தொட்டியை வாரம் ஒருமுறை வெறுமையாக்குங்கள், ஒரே கிழமையில். சூடான காலத்தில் முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். எட்டாம் நாள் என்று தள்ளிப் போட்டால் ஒரு தொகுதி பறந்துவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முட்டை நீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். சொரசொரப்பான தூரிகையோ தேங்காய் நாரோ எடுத்து, உள்சுவரை விளிம்பு வரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கிணற்றையும் பெரிய தொட்டியையும் அப்படி வெறுமையாக்க முடியாது. தொட்டியின் வாயை 1.2 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலையால் இறுக்கிக் கட்டுங்கள். மூடிக்கும் குழாய்க்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் வலை இருந்தும் இல்லாததுதான். கிணற்றில் கப்பி மீன் விடலாம். குடம்பியைக் கொல்லும் டெமிபோஸ் மருந்தின் ஒரு சதவீதக் குறுணையானால் 10 லிட்டருக்கு 1 கிராம், 1,000 லிட்டர்த் தொட்டிக்கு 100 கிராம். துணிப்பையில் கட்டி நடுவில் தொங்கவிட்டால் ஒரேயடியாக அடித்துச் செல்லப்படாது. குடிநீரானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டபின் போடுங்கள். ரீயூனியனில் இந்த மருந்தைக் கைவிட்டு, குடம்பியை மட்டும் கொல்லும் பாக்டீரிய மருந்துக்கு மாறிவிட்டார்கள்.

கூரைப் பீலியையும் பாருங்கள். இலை அடைத்து நீர் நிற்கும் இடம் கீழிருந்து தெரியாது, ஏணி வைத்துத்தான் பார்க்க வேண்டும். பூச்சட்டித் தட்டிலும் கல்லறைப் பூச்சாடியிலும் ஈர மணலை நிரப்பிவிடலாம்; பூவும் வாடாது, முட்டையிட நீரும் இருக்காது.

நல்ல பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை நூமெயாவில் பறக்கவிட்டு டெங்குவைக் குறைத்தார்களாமே? எல்லாத் தீவிலும் செய்தால் என்ன?
— கல்லூரி மாணவி, சென்னை

நியூ கலிடோனியாவின் தலைநகர் நூமெயாவில் 2019-இல் தொடங்கியது அது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் எஜிப்டி கொசுக்களை விட்டார்கள். அது இருக்கும் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாக வளராது. தாய்க்கொசு முட்டை வழியே அதைக் கடத்தும். பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. ஆகவே சில தலைமுறைகளில் ஊர்க் கொசு முழுவதும் அதுவாகவே ஆகிவிடும். ஆனால் புலிக்கொசுவின் உடலில் இயற்கையாகவே வோல்பாக்கியா வகைகள் இரண்டு உண்டு. நூமெயாவில் செய்ததை ரீயூனியனில் அப்படியே செய்ய முடியாததற்கு அதுதான் காரணம். அங்கே சோதிப்பது வேறு வழி: கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண்களை விடுவது. ஆண் கடிப்பதில்லை, பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான் சேரும். சேர்ந்தது மலட்டு ஆணோடு என்றால் அவள் இடும் முட்டைகள் வீண். விடுவதை நிறுத்தினால் கொசு திரும்பிவிடும், எனவே செலவு ஓயாது.

மொரீசியஸ் போய் வந்து நான்காம் நாள் காய்ச்சல். மூட்டு வலி. என்ன செய்ய?
— வாசகர், கோயம்புத்தூர்

மருத்துவரிடம் முதல் வார்த்தையாக எங்கே, எப்போது போனீர்கள் என்று சொல்லுங்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனை பயன்படும், அதன்பின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும். மூட்டு வலி தாங்காமல் கடையில் கேட்டு வாங்குவது இவற்றைத்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறோம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், அளவு மீறிய சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனை.

பலரும் மறப்பது இன்னொன்று. முதல் ஏழு நாள் உங்கள் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். வீட்டுக் கொசு உங்களைக் கடித்தால், சிக்குன்குனியாவானால் சில நாட்களிலும், டெங்குவானால் 8 முதல் 12 நாட்களிலும் அது அடுத்தவருக்குப் பரப்பத் தயாராகிவிடும். ஆகவே பகலிலும் வலைக்குள் படுங்கள், கொசுவிரட்டி பூசுங்கள். கூடப் போனவர்கள் நலமாக இருந்தாலும் திரும்பிய நாளிலிருந்து மூன்று வாரம் பூசட்டும். அறிகுறியே இல்லாமலும் சிலர் உடலில் வைரஸ் இருக்கும்.