விழுந்த இடம் வேறு, வழுக்கிய இடம் வேறு: பைதான் – சி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: என் பைதான் நிரலோடு சி மொழி லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) இணைத்தேன், பைதான் சொல்லாமல் கொள்ளாமல் விழுகிறது. நேராகக் கேள்விகளுக்குப் போவோம்.

ஓசூரில் பட்டறை வைத்திருக்கிறேன். அளவுக் கருவியோடு வந்த சி லைப்ரரியை, பைதானிலிருந்து சி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக அழைக்கிறேன். முதல் ஃபங்ஷன் ஒரு ஹேண்டில் (கருவியைக் குறிக்கும் மெமரி முகவரி) தருகிறது. அதை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத மெமரியைத் தொட்டதால் நிரல் நிறுத்தப்படுவது). பழைய 32 பிட் கணினியில் இதே நிரல் ஓடியது.

ஃபங்ஷன் திருப்பித் தருவது என்ன வகை என்று சொல்லும் ரெஸ்டைப்பை எழுதவில்லை, அதுதான். நீங்கள் சொல்லாவிட்டால், திரும்பி வருவது சாதாரண இன்ட் (32 பிட் முழு எண்) என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். 32 பிட்டில் இரண்டும் ஒரே அளவு என்பதால் தப்பித்தீர்கள். ரெஸ்டைப்பை வாய்ட் பாயிண்டர் (வெறும் மெமரி முகவரி) ஆக்குங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்போது கைக்கு வருவது வெறும் பைதான் எண். அடுத்த ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் (உள்ளே கொடுப்பவற்றின் வகை) இல்லையென்றால் போகும் வழியில் அது மறுபடியும் வெட்டுப்படும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இரண்டையும் எழுதுங்கள். பல முறை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

பாலக்கோட்டிலிருந்து: சார், என் ப்ரோக்ராம் கிராஷ் ஆகிறது. ஏன்?

உங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளி என்ன விலை என்று கேட்டால்கூட எந்த ரகம், எத்தனை பெட்டி என்று திருப்பிக் கேட்பார்கள். எந்தப் பைதான், எந்த லைப்ரரி, கடைசியாக என்ன செய்தி வந்தது, ஒன்றுமே எழுதவில்லை. ஃபால்ட்ஹேண்ட்லரை இயக்கி ஓட்டுங்கள், பைதான் 3.3 முதல் கூடவே வருகிறது. விழும்போது எந்தப் பைதான் வரியில் நின்றது என்று காட்டும். ஷெல்லில் வெளியேறும் எண் 139 என்றால் 128 கூட்டல் சிக்னல் எண் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட். 134 என்றால் அபார்ட், அதாவது ப்ரோக்ராமே தன்னை நிறுத்திக்கொண்டது. இவ்வளவும் எழுதி மறுபடி அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பர்கூரில் பொறியியல் படிக்கிறேன். பைதான் ஃபங்ஷனை கால்பேக்காக (தேவைப்படும்போது லைப்ரரி திருப்பி அழைக்க) லைப்ரரிக்குக் கொடுத்தேன். சில நிமிடம் ஓடிவிட்டு விழுகிறது.

கால்பேக் பொருளை எந்தப் பெயரிலும் பிடித்து வைக்கவில்லை. அந்த வரி முடிந்ததும் பைதான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. லைப்ரரியிடம் இருப்பது ஆளில்லாத வீட்டு முகவரி. லைப்ரரி அதை அழைக்கக்கூடிய காலம் முழுவதும் ஒரு மாறியில் வைத்திருங்கள்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதும் ப்ரோக்ராம் என் பொறுப்பு. ஏறக்குறைய 50 லாரிக்கு ஒருமுறை 'டபுள் ஃப்ரீ' என்று சொல்லி விழுகிறது. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி தானாக எழுப்பிவிடுகிறது. எழுந்துவர 8 விநாடி ஆகிறது. இதைக் குறைக்க வழி உண்டா?

தம்பி, அந்த 8 விநாடியைக் குறைக்க நான் வழி சொல்ல மாட்டேன். விழுந்தால் எழுப்பிவிடு என்பதைத் தீர்வாக நினைக்கும் பழக்கம்தான் எனக்கு வருகிற பாதிக் கடிதங்களின் வேர்.

விழுந்தது உங்கள் அதிர்ஷ்டம். ஒரே மெமரி இரண்டு முறை விடுவிக்கப்பட்டதை ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) கவனித்ததால் நிறுத்தியது. அது எப்போதும் கவனிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. கவனிக்காதபோது அதே இடத்தை இரண்டு பேருக்கு ஒதுக்கிக் கொடுத்துவிடலாம். ஒரு லாரியின் எடை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு லாரியின் எடை உட்காரும். கிராஷ் இல்லை, பிழைச் செய்தி இல்லை, சீட்டு மட்டும் அச்சாகும். சில வருடங்களுக்கு முன் இதேபோல ஓர் இடத்துக்குப் போயிருந்தேன். நான்கு மாதமாக மறுதொடக்கத்திலேயே ஓட்டியிருக்கிறார்கள். விவசாயி ஒருவர் வேறு மேடையில் போட்ட எடைச் சீட்டோடு வந்து நின்ற பிறகுதான் கணக்கைத் திறந்து பார்த்தார்கள். அடுத்தடுத்த இரண்டு வண்டிகளுக்குக் கிலோ மாறாமல் ஒரே எடை. ஒரு வருடம் தோப்பைக் காத்தவருடைய கூலி அது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

பெரும்பாலும் காரணம் இப்படி இருக்கும்: ஒரே பாயிண்டரைச் சுற்றி இரண்டு பைதான் பொருள்கள், இரண்டுக்கும் டெல் மெத்தட் (பொருள் அழியும்போது ஓடுவது), இரண்டும் விடுவிக்கின்றன. மேடையின் இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே ஹேண்டிலைப் பிடித்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒரு மெமரிக்கு ஒரே உரிமையாளர்தான். டெல்லுக்குப் பதில் வீக்ரெஃப் ஃபைனலைஸ் வையுங்கள். அது ஒரு தடவைக்கு மேல் ஓடாது. லைப்ரரி ஒதுக்கிய மெமரியை லைப்ரரியின் விடுவிக்கும் ஃபங்ஷனால் மட்டுமே விடுவியுங்கள், நீங்களாக ஃப்ரீயை அழைக்காதீர்கள்.

கண்டுபிடிக்க வால்கிரைண்ட் என்ற மெமரிச் சோதனைக் கருவி. பைதான்மாலாக் என்ற சூழல் மாறிக்கு மாலாக் என்று மதிப்பு கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் 512 பைட் வரையுள்ள பொருள்களைப் பைதான் தானே நிர்வகித்து அவற்றில் நடக்கும் தவறுகளை மறைத்துவிடும். முதல் முறை எங்கே விடுவிக்கப்பட்டது, இரண்டாம் முறை எங்கே என்று இரண்டையும் வால்கிரைண்ட் காட்டும். 10 முதல் 50 மடங்கு மெதுவாகும் என்பதால் மேடையில் வேண்டாம், மேசையில் போலி எடைகளை ஊட்டி ஓட்டுங்கள். சோர்ஸ் கையில் இருந்தால் அட்ரஸ் சானிடைசரோடு (கம்பைலரே சேர்க்கும் மெமரிச் சோதனை) கம்பைல் செய்யலாம், சுமார் இரண்டு மடங்குதான் மெதுவாகும். அதன் லைப்ரரியை ப்ரீலோட் செய்ய (மற்ற லைப்ரரிகளுக்கு முன்பே ஏற்ற) மறக்காதீர்கள்.

சரியாகும்வரை மேடைத் திரையில் தெரியும் எடையைக் கையால் எழுதிக் கொடுங்கள். சீசன் நேரம், வரிசை நீளும் என்பது தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.

அரூர்: நம்பை (பைதானின் எண் கணக்கு லைப்ரரி) அணியின் ஒரு நெடுவரிசையை மட்டும் சி ஃபங்ஷனுக்கு அனுப்பினால் தப்பான எண்கள், சில சமயம் கிராஷ்.

நெடுவரிசையின் எண்கள் வழக்கமாக மெமரியில் அடுத்தடுத்து இருப்பதில்லை. அஸ்கன்டிகுவஸ்அரே போட்டு நகலெடுங்கள். நகலை ஒரு பெயரில் வையுங்கள். முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு நகலைக் கைவிட்டால் பர்கூர் மாணவியின் கதைதான்.

தர்மபுரி: சி எக்ஸ்டென்ஷன் எழுதுகிறேன். பட்டியலிலிருந்து பைலிஸ்ட் கெட்ஐட்டம் எடுத்துக் கொடுத்த பொருளை டெக்ரெஃப் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒன்று குறைப்பது; பூஜ்யமானால் பொருள் அழியும்) செய்கிறேன். சோதனையில் எல்லாம் சரி, உண்மையான தரவில் எங்கேயோ சம்பந்தமில்லாத இடத்தில் விழுகிறது.

அது கடன் ரெஃபரன்ஸ், பட்டியலுக்குச் சொந்தமானது. உங்களுடையதல்ல, டெக்ரெஃப் கூடாது. சோதனையில் நன் (பைதானில் 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு), 1, 2, 3 என்று வைத்திருப்பீர்கள். பைதான் 3.12 முதல் நன்னும் சிறிய எண்களும் அழியாத பொருள்கள். எத்தனை முறை குறைத்தாலும் அசையாது, தவறு தெரியாது. சோதனைக்கு, ஓடும்போது உருவாக்கிய நீளமான சரங்களைக் கொடுங்கள்.

பென்னாகரம்: சி பக்கம் ஒரு பிரின்ட்எஃப் (திரையில் எழுதும் கட்டளை) சேர்த்ததும் கிராஷ் நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. மெமரியின் அடுக்கு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரின்ட்எஃப்பை எடுத்துவிட்டு, மேலே கிருஷ்ணகிரிக்காரருக்குச் சொன்னபடி ஓட்டுங்கள்.